பறவைக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

பறவைகள் சரணாலயத்துக்குள் நுழைகிறவர்கள் வாசலிலேயே கேட்கும் கேள்வி, "இன்னைக்கு என்ன பறவை வந்திருக்கு?" என்பதுதான். ஏரி, உப்பளம், சதுப்பு என்று தமிழ்நாட்டுப் பறவை இடங்களைப் பல வருடங்களாகச் சுற்றிய பிறகு என்னுடைய முதல் கேள்வி மாறிவிட்டது. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்தப் பக்கம் வற்றத் தொடங்கியிருக்கிறது என்றுதான் இப்போது கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் அங்கே என்ன பறவை இருக்கும் என்பதைப் பாதி சொல்லிவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் பைனாகுலர் வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுத்தது ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். நல்ல மழைக்குப் பிறகு ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. கொசு உள்ளான்கள் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். "சின்னக் குருவிங்களா? தண்ணி இறங்கட்டும் தம்பி. சேறு தெரிஞ்சாத்தான் அதுங்க வரும். இப்ப வந்தா முங்கிடுமே" என்றார். சொன்னபடியே, தை மாதம் கடைசியில் ஏரியின் ஒரு மூலை சேறாக மாறியதும் அவை கூட்டமாக வந்து இறங்கின.

காரணம் எளிமையானது. பெரும்பாலான நீர்ப்பறவைகளுக்குக் கால் நீளமும் அலகு நீளமும்தான் சாப்பாட்டு எல்லை. கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம்தான். ஆர்க்டிக் பகுதியின் தூந்திரச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வரும் அந்தச் சின்ன உயிருக்கு, ஈரச் சேறும் மேலே படலம் போல நிற்கும் தண்ணீரும்தான் தேவை. விரல் ஆழம் தாண்டினால் அதற்கு வேலை இல்லை. அதற்கு அடுத்த ஆழத்தில் நீண்ட சிவந்த கால்களோடு பவளக்காலி நடக்கும். இன்னும் கொஞ்சம் ஆழத்தில் அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி மேயும் ஊசிவால் வாத்துக்கு ஏறக்குறைய ஒரு முழ ஆழம் சரியாக இருக்கும். அதற்கும் அப்பால், முழு ஆழத்தில், முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம். கரையிலிருந்து நடு ஏரி வரை கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் இந்த வரிசை அப்படியே தெரியும். புதிதாக வருகிறவர்களை முதலில் இந்த வரிசையைத்தான் பார்க்கச் சொல்வேன். பெயர் தெரியாத பறவைகூட எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் பாதி பிடிபட்டுவிடும்.

வேடந்தாங்கலையும் பக்கத்திலேயே இருக்கும் கரிக்கிலியையும் ஒரே நாளில் பார்த்தால் இது நன்றாக விளங்கும். வேடந்தாங்கல் ஏரியில் தண்ணீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கின்றன, கிளை கிளையாகக் கூடுகள். கரிக்கிலி ஏரிகள் ஆழம் குறைந்தவை. கூடு கட்டுவது குறைவு, வாத்துகளும் உள்ளான்களும்தான் அங்கே அதிகம். இரண்டு இடத்துக்கும் ஒரே வானம், ஒரே மழை. ஆனாலும் நோட்டில் எழுதும் பட்டியல் வேறு வேறு.

வேடந்தாங்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், சுற்றி நடந்துவிடக்கூடிய அளவு. அவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை ஆயிரம் பறவைகள் ஏன் வந்து நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன? தண்ணீர் நடுவில் நிற்கும் மரம் என்பதால்தான். பூனை, கீரி, நரி எதுவும் நீந்திப் போய் மரமேறிக் குஞ்சை எடுக்காது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருடங்களில் அங்கே கூடுகள் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. மரங்கள் அப்படியே இருக்கும், அடியில் தண்ணீர் இருக்காது. பறவைகள் வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விடும். நீங்கள் பயணம் திட்டமிடும்போது காலண்டரை மட்டும் நம்ப வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று எல்லோரும் சொல்வார்கள், பொதுவாக அது சரிதான். ஆனால் அந்த வருடம் செங்கல்பட்டுப் பக்கம் மழை எப்படி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மழை தாமதமானால் கூடு கட்டுவதும் தாமதமாகும்.

அந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் சுற்றியிருக்கும் விவசாயிகள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் வேட்டைக்குத் தடை வாங்கினார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நாம் சுற்றுச்சூழல் அறிவியல் என்று படிப்பதை அவர்கள் நெல் விளைச்சலில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்துவிடும்.

காலையில் போவதா, மாலையில் போவதா என்று கேட்பார்கள். கூடு கட்டும் காலத்தில் வேடந்தாங்கலுக்கு நான் மாலையைத்தான் சொல்வேன். நான்கு மணிக்கு மேல், மேயப் போன பறவைகள் எல்லாத் திசையிலிருந்தும் திரும்பத் தொடங்கும். கொக்குகள் தாழ்வாக, அரிவாள் மூக்கன்கள் வளைந்த கோடாக, கூழைக்கடாக்கள் சிறகை அசைக்காமல் வட்டமிட்டு இறங்கும். இருட்டத் தொடங்கும்போது இதற்கு எதிர்த்திசையில் ஒரு கூட்டம் கிளம்பும். பகல் முழுக்க மரத்தில் தூங்கிய வக்காக்கள் "க்வாக்" என்று கத்திக்கொண்டு வேட்டைக்குப் போகும். எல்லாப் பறவையும் திரும்பிவிட்டதாக நினைத்து இந்த நேரத்தில்தான் பலர் வண்டிக்கு நடக்கிறார்கள். இன்னும் கால் மணி நேரம் நின்றால் போதும்.

நிற்பதைப் பற்றி இன்னொன்று. பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி, படம் எடுத்து, இறங்கி, அடுத்த இடம் என்று ஓடுவதைவிட, ஒரே இடத்தில் ஒரு பறவையை அரை மணி நேரம் பார்ப்பதில்தான் உண்மையான லாபம். மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு மெதுவாக அசைத்துக்கொண்டே நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கிளறிவிடும். கலங்கிய தண்ணீரில் பதறி ஓடும் மீன் அலகில் பட்ட நொடியே மூடிக்கொள்ளும். தொடுவுணர்வு வேட்டை இது. அதனால்தான் கலங்கிய ஏரியிலும் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. கரண்டிவாயனும் இதே வகைதான், ஆனால் தட்டையான அலகை வலமும் இடமுமாக வீசிக்கொண்டே போகும். பக்கத்தில் நிற்கும் சாம்பல் நாரையோ சிலை மாதிரி நின்று கண்ணாலேயே குறி பார்க்கும். மூன்றும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, மூன்றுக்கும் மூன்று தொழில்நுட்பம். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு, தூரத்தில் வெறும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் பறவையைக்கூட அதன் அசைவை வைத்தே நான் சொல்லிவிடுகிறேன்.

நத்தைகுத்தி நாரையின் அலகை மட்டும் அவசியம் பைனாகுலரில் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். நத்தை ஓட்டை அந்த இடைவெளியில் வைத்து நொறுக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அலகின் நுனிதான் முக்கிய வேலையைச் செய்கிறது. நத்தையின் மூடிக்குள் நுனியை நுழைத்துச் சதையை அறுத்து வெளியே இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். வரப்பில் அப்படிப்பட்ட வெற்று ஓடுகள் குவியலாகக் கிடந்தால், பக்கத்தில் நத்தைகுத்தி மேய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும்தான் வெளியே தெரியும், முதல் தடவை பார்க்கிறவர்கள் பாம்பு என்றுதான் சொல்வார்கள். அதன் சிறகில் தண்ணீர் ஊறிவிடும். உடம்பு கனத்து முங்க வசதியாக இருக்கும். வெளியே வந்ததும் சிறகை விரித்து வெயிலில் காயவைத்தே ஆக வேண்டும். நீர்க்காகமும் அப்படித்தான். கிளையில் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கும் இவற்றைப் பார்த்தால் சத்தம் போடாமல் நில்லுங்கள். நனைந்த சிறகோடு பறக்கவைப்பது அவற்றுக்குப் பெரிய தண்டனை.

அப்புறம், அல்லி, தாமரை படர்ந்த குளம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நீளவால் இலைக்கோழி இலைகள் மேலேயே நடக்கும், விரல்கள் அவ்வளவு நீளம். இதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. முட்டையிட்டுவிட்டுப் பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் இருக்கும், மற்ற மாதங்களில் வாலில்லாத மங்கலான பறவையாக நிற்கும். படத்தில் பார்த்த வாலைத் தேடினால் கிடைக்காது.

கோடியக்கரையின் கதையே வேறு. அங்கே மரமும் கூடும் முக்கியமில்லை, சேறும் உப்பும்தான் முக்கியம். 1967-ல் அதைச் சரணாலயமாக்கியது வெளிமானுக்காக. அதனால் அங்கே போனால் காலையில் புல்வெளி, வெயில் ஏறும் முன்பு உப்பளப் பக்கம் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். வெளிமான் கிடாயின் முறுக்கிய கொம்பையும் கறுத்த முதுகையும் விடிகாலை வெளிச்சத்தில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. அது திறந்த புல்வெளியில் ஓடிப் பிழைக்கிற மிருகம். சீமைக் கருவேலம் புல்வெளிக்குள் புகுந்து அடைக்கும்போது, அது ஓடவும் மேயவும் இடம் சுருங்குகிறது. பச்சையாக இருக்கிறதே, நல்லதுதானே என்று நினைக்கக்கூடாது, இங்கே பச்சை எல்லாமே நல்லதில்லை. நரிகளும் அங்கே உண்டு, பொழுது சாயும்போது கண்ணில் படும்.

உப்பளத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்வதை நிதானமாகப் பாருங்கள். அலகு தலைகீழாகத் தண்ணீரில் இருக்கும். நாக்கு உள்ளே தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் சிறு உயிர்களை வடிகட்டிக்கொள்ளும். அந்த இளஞ்சிவப்பு நிறம் அவை தின்னும் பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள நிறமியிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பலாகத் தெரிபவை இளம் பறவைகள். பூநாரையில் மயங்கி அதன் காலடியில் ஓடும் உள்ளான்களை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு அந்தச் சின்னப் பறவைகள்தான் கோடியக்கரையின் உயிர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்குக் கால் வளையம் போட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்துவருகிறது. வளையமோ வண்ணக் கொடியோ போட்ட கால் கண்ணில் பட்டால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, முடிந்தால் படமும் எடுத்து அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். பறவை எங்கிருந்து வந்தது என்ற பதில் அந்தக் குறிப்பிலிருந்துதான் கிடைக்கும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டும். வீட்டு முற்றத்தில் எச்சம் விழும், கூச்சல் கேட்கும், ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அங்கே நாம் விருந்தாளி என்ற நினைப்போடு நடக்க வேண்டும். யாருடைய வாசலிலாவது நின்று படம் எடுப்பதாக இருந்தால் "அக்கா, இங்க நின்னு பாத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். குளத்தில் வரித்தலை வாத்துகள் இறங்கும் வருடங்களில் அந்த இடமே தனி. திபெத், மங்கோலியா ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. 7000 மீட்டருக்கு மேலேயும் அது பறப்பதைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இரவில் வயல்களில் மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் ஓய்வெடுக்கும். அதனால் நடுப்பகலில்கூட அதைப் பார்க்கலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பைச் சென்னையில் இருப்பவர்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே நின்று பார்க்கலாம். சாலையோரத்திலிருந்தே நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலில் பிடித்து உரித்துத் தின்பது தெரியும். குப்பைமேடும் கட்டடங்களும் இவ்வளவு நெருக்கியும் அந்தச் சதுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்தால்தான் நம்ப முடியும். 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளத்தோடு இதுவும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது.

கருவிகள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். 8x42 பைனாகுலர் (8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) ஒன்று போதும். 10 மடங்கு வாங்கினால் கைநடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், ஏரி மாதிரித் திறந்த இடத்தில் அகலமாகத் தெரிவதுதான் முக்கியம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். மண் நிற உடுப்பு, தொப்பி, தண்ணீர். சரி, இவ்வளவுதான்.

ஒரு உபாயம் சொல்கிறேன். மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் திடீரென்று மொத்தமாக எழும்பினால் வாத்துகளைப் பார்க்காதீர்கள், அவற்றுக்குப் பின்னாலும் மேலேயும் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழ்வாக வந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் மீன் பிடிக்கும் வேட்டைப் பறவையான விராலடிப்பான் வட்டமிடும். எழும்பியதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை என்றால் அந்தக் காரணம் நீங்களாக இருக்கலாம், பத்தடி பின்வாங்குங்கள்.

கூடு விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. தாய்ப்பறவை எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வேகும். மஞ்சள் மூக்கு நாரை நடுப்பகலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது நகர்ந்த சில நிமிடங்களில் காகம் வந்துவிடும். ஒரு நல்ல படத்துக்காகக் கைதட்டிப் பறக்கவிடுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் போய்ச் சொல்லியிருக்கிறேன். கோபமாகச் சொன்னால் சண்டைதான் வரும். "அந்தக் குஞ்சு பாருங்க, நிழல் போயிடுச்சு" என்று பைனாகுலரைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். செல்போனில் பறவையின் குரலைப் போட்டு வரவழைப்பதும் வேண்டாம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று பதறித்தான் அது வெளியே வருகிறது.

பறவை குறைவாக இருக்கும் நேரம் மற்ற உயிர்களுக்கான நேரம். கரையோரக் கல்லில் ஆமை வெயில் காயும், ஆள் நிழல் பட்டால் சட்டென்று விழுந்து மறையும். தண்ணீர்ப்பாம்பு நஞ்சில்லாதது, தவளையையும் மீனையும் தேடிப் போகும், வழிவிட்டால் போதும். காவிரிப் பக்கம் போனால் ஆற்றோர மணலிலும் பாறையிலும் மீன்செதில் நிறைந்த எச்சம் கிடக்கிறதா என்று பாருங்கள், நீர்நாய் நடமாட்டத்துக்கு அதுதான் முதல் தடயம். மழைக்காலத்தில் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அவை இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று மாலத்தீவில் வாழ்ந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி கடலைத் தாண்டுகிறது என்று தெரிந்த பிறகு, தட்டான் கூட்டத்தைப் பார்த்தால் நான் நின்றுவிடுகிறேன்.

பார்த்ததை எழுதுங்கள். இ-பேர்ட் செயலியில் போட்டால் அது ஆராய்ச்சிக்கும் உதவும். அபூர்வமானதை மட்டும் போடாமல் காகம், மைனா உட்படப் பார்த்த எல்லாவற்றையும் போட வேண்டும். முழுப் பட்டியல் இருந்தால்தான், ஒரு இடத்தில் ஒரு பறவை இல்லை என்பதும் தகவலாக மாறும். கூடவே தண்ணீர் நிலவரத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள்: மதகுப் பக்கம் நிறைய, கிழக்கு மூலையில் சேறு, இப்படி. சில வருடங்கள் கழித்துப் புரட்டினால் எந்தத் தண்ணீருக்கு எந்தப் பறவை என்று உங்கள் ஏரிக்கான கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள்.

சரணாலயத்தின் வேலியோடு பார்வையை நிறுத்திவிட வேண்டாம். வேடந்தாங்கலில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை சரணாலயம் என்று அறிவித்திருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே கூடு கட்டும் பறவைகள் மேய்வது சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும்தான். மாலைக் காட்சியைப் பார்க்கப் போகிறவர்கள் மதியமே கிளம்பி, வழியில் வண்டியை நிறுத்தி நடவு வயல்களையும் பாருங்கள். உண்ணிக்கொக்கு, மடையான், நத்தைகுத்தி எல்லாம் அங்கேதான் நிற்கும், மரத்தில் இருப்பதைவிட நெருக்கமாகப் பார்க்கலாம். நடப்பது வரப்பிலேயே இருக்கட்டும், தரிசில் குறுக்கே போகாதீர்கள், குறிப்பாகக் கோடையில். ஆள்காட்டிப் பறவை வெறும் தரையில், கூழாங்கல் நிறத்தில்தான் முட்டையிடும், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தலைக்கு மேலே அது விடாமல் கத்திச் சுற்றினால் வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள். வெயில் ஏறினால் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து அது முட்டையைக் குளிரவைக்கும். தூரத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்து காத்திருந்தால் அதைப் பார்க்கவும் வாய்க்கும்.